மண்ணுக்குள் இருக்கும் நம் கூட்டாளிகள்

(சம்பா பட்டத்துக்கு முன் பாகூரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் விவசாயப் பயிற்சிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



கடன், வட்டி, பதிவேடு பற்றி இன்னைக்கு நாங்கள் பேசப் போவதில்லை. முதலில் ஒரு கேள்வி. கோடை முடிஞ்சு முதல் தூறல் விழுந்ததும் ஒரு வாசனை கிளம்புமே, மண்வாசனை, அது எங்கிருந்து வருது? மழையில் வாசனை கிடையாது. வெறும் மணலிலும் அந்த வாசனை வராது. மண்ணுக்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று ஒரு வகை பாக்டீரியா வாழுது. அது ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளை உண்டாக்குது. காய்ந்த மண்ணில் மழைத்துளி விழும்போது அது காற்றில் கலந்து நம் மூக்குக்கு வருது. நாம் மண்வாசனை என்று சொல்வது பெரும்பாலும் இந்த நுண்ணுயிரின் வாசனைதான்.

பாக்டீரியா என்றதும் நமக்கு நோய்தான் ஞாபகம் வரும். நல்ல வயல் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். அதில் பெரும்பாலானவை நமக்கு ஒரு கெடுதலும் செய்யாது. சில, நமக்காக உழைக்கிற கூட்டாளிகள். பயிருக்குச் சோறு போடுது, கொசுவைக் கொல்லுது, காசநோய்க்கு மருந்து கொடுத்தது. இந்த மூன்றையும் இன்னைக்குச் சொல்லப் போகிறோம். அதற்கு முன்னால் நாங்கள் பட்ட ஒரு நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறோம். மறைக்க ஒன்றும் இல்லை.

நாங்கள் கரித்தூளுக்குக் காசு கொடுத்த கதை

சில வருஷங்களுக்கு முன்னால், நம்மில் சில குழுக்கள் சேர்ந்து சம்பாவுக்கு உயிர் உரம் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, இரண்டும் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினோம். ஒரு கடையில் விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். சித்திரை மாசமே மொத்தமாக வாங்கிவிட்டோம். குழுக் கடனில்தான்.

வாங்கினதை எங்கே வைத்தோம்? சிமெண்ட் சீட் போட்ட அறையில், பரண் மேலே, பூச்சிமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில். கத்திரி வெயில் முழுக்க அங்கேதான் இருந்தது. ஆவணியில் எடுத்துப் பிரித்துப் போட்டோம். சிலர் யூரியாவோடு கலந்தே வீசினார்கள். அறுவடையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போட்ட வயலும் போடாத வயலும் ஒண்ணுதான். பலன் கிடைக்காத உறுப்பினரும் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதாப் போச்சு. "கரித்தூளுக்குப் போய் காசு கொடுத்தீங்களேடி" என்று ஒரு பெரியம்மா கூட்டத்திலேயே கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் ஒரு வேளாண் அலுவலரிடம் காலி பாக்கெட்டுகளைக் காட்டினோம். அவர் திருப்பிப் பார்த்தார். பாதி பாக்கெட்டில் கடைசித் தேதி நாங்கள் வாங்குவதற்கு முன்பே முடிந்திருந்தது. அது கடையின் தப்பு. தேதியைப் படிக்காமல் வாங்கியது எங்கள் தப்பு. மீதிப் பாதி வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அதை வெயிலில் வைத்துக் கொன்றது நாங்கள்.

சகோதரிகளே, ஒன்று கேட்கிறோம். கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றினால் தயிர் உறையுமா? உறையாது. அப்போ உறைமோரே பொய் என்று யாராவது சொல்வோமா? பாலை ஆறவைக்கவில்லை என்றுதான் சொல்வோம். உயிர் உரமும் உறைமோர் மாதிரிதான். அந்தக் கறுப்புத் தூள் வெறும் பழுப்பு நிலக்கரித் தூள். நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அதே வகை. அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான் சரக்கு. சட்டப்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்கணும். 2006-ல் உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. அதிலிருந்து இந்த அளவைச் சோதிக்க வழி இருக்கிறது. தயாரித்த தேதியும் கடைசித் தேதியும் பாக்கெட்டில் போடணும். உயிர் செத்துவிட்டால் மிச்சம் கரித்தூள்தான். பெரியம்மா சொன்னது சரியாப் போச்சு!

பயிருக்குச் சோறு போடுவது எப்படி?

நாம் மூச்சு விடுகிற காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. ஆனால் பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. தொழிற்சாலையில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் யூரியா செய்கிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கு. இந்த வேலையைச் சத்தம் போடாமல் வயல் சூட்டிலேயே செய்கிற பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கு.

முதலாவது ரைசோபியம். உளுந்து, பயறு, மணிலா இவற்றின் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்குமே, அதுதான் அதன் வீடு. செடி அதுக்குச் சர்க்கரை கொடுக்குது, அது செடிக்குத் தழைச்சத்து கொடுக்குது. நம் சுய உதவிக்குழு மாதிரி, கொடுக்கல் வாங்கல்!

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உளுந்து பூக்கிற சமயத்தில் ஒரு செடியைக் களைக்கொட்டால் மண்ணோடு பெயர்த்து எடுங்க. சும்மா பிடுங்கினால் முடிச்சு அறுந்துடும். தண்ணியில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளுங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்யுது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. பைசா செலவில்லாத பரிசோதனை இது.

இரண்டாவது அசோஸ்பைரில்லம். இது நெல், கரும்பு வேரை ஒட்டி வாழும். முடிச்சு கட்டாது. தழைச்சத்தும் கொஞ்சம் சேர்க்கும், வேர் அதிகமாக விடுவதற்கான ஊக்கப்பொருளும் சுரக்கும். மூன்றாவது பாஸ்போபாக்டீரியா. நாம் வருஷா வருஷம் போடுகிற டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தில் ஒரு பெரும் பகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் கிடக்கும். இந்தப் பாக்டீரியா அமிலம் சுரந்து அதைக் கரைத்துக் கொடுக்கும்.

நான்காவது சூடோமோனாஸ். இது உரமில்லை, காவல்காரன். நெல்லில் குலைநோய், இலையுறை அழுகல் உண்டாக்கும் பூஞ்சாணத்தை வளரவிடாமல் தடுக்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்வு செய்த பி.எஃப்-1 என்ற ரகத்தை மாக்கல் தூளில் கலந்து 1990-களிலேயே விவசாயிகளிடம் கொண்டுவந்தார்கள்.

"அப்போ யூரியாவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படி நாங்கள் சொல்ல மாட்டோம். சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். நன்றாக உயிர் உரம் போட்டால் பரிந்துரைத்த தழைச்சத்தில் கால் பங்கு வரைக்கும் குறைத்துப் பார்க்கலாம். அதையும் முதல் வருஷம் முழு வயலிலும் செய்யாதீங்க.

மூத்த உறுப்பினர் கேட்ட கேள்வி

போன பயிற்சியில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "நாங்க அந்தக் காலத்துல ஆட்டுக்கிடை போட்டோம், கொழிஞ்சி மிதிச்சோம், எரு அடிச்சோம். அப்பவே விளைஞ்சுதே! இதைப் பாக்கெட்டுல போட்டு எங்களுக்கே விக்கிறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவங்க செய்ததும் இதே வேலைதான். எருவும் தழையும் மண்ணில் உள்ள பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. கொழிஞ்சி, தக்கைப்பூண்டு வேரிலும் ரைசோபியம் முடிச்சு உண்டு. அதனால்தான் அதை மடக்கி உழுதால் வயல் கறுத்துச் செழிக்கும்.

பாக்கெட் என்பது வெறும் விதை மாதிரி. எரு இல்லாத வயலில் பாக்கெட்டை மட்டும் கொட்டினால், சோறு போடாமல் ஆளை வேலைக்கு வைத்த மாதிரி. நாலு நாளில் போயிடும். அதனால் எருக்குழியை விட்டுட்டுப் பாக்கெட்டைத் தேடாதீங்க. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணையும் சங்கராபரணியும் பெருகி, நம் வயல்கள் மூழ்கினதை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்து, மேல்மண் அரித்துப்போன நிலத்துக்கு முதலில் வேண்டியது தொழு உரமும் தழை உரமும்தான்.

சம்பாவுக்கு என்ன அளவு? (வெட்டி வைத்துக்கொள்ளவும்)

இது 200 கிராம் தூள் பாக்கெட்டுக்கான கணக்கு. ஏக்கருக்குச் சொல்கிறோம்.

விதை ஊறவைக்கும்போது: அசோஸ்பைரில்லம் 2 பாக்கெட், பாஸ்போபாக்டீரியா 2 பாக்கெட். விதை ஊறும் தண்ணியில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைக்கணும். சூடோமோனாஸ் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், இதே தண்ணியில் சேர்க்கலாம். காலையில் தண்ணியை வடித்து, வழக்கம்போல் முளைகட்டி விதைக்கணும். வடித்த தண்ணியைச் சாக்கடையில் கொட்டாதீங்க, நாற்றங்காலில் ஊற்றுங்க.

நடவு அன்று: இரண்டு வகையிலும் 2 பாக்கெட், சுமார் 16 லிட்டர் தண்ணியில் கரைத்து, நாற்று முடியின் வேரை 15 முதல் 30 நிமிஷம் நனைத்துவைத்து நடணும்.

நடவுக்கு முன் வயலில்: இரண்டு வகையிலும் 4 பாக்கெட், 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண்ணோடு கலந்து சீராக வீசணும்.

நட்டு 30 நாள் கழித்து: சூடோமோனாஸ் 1 கிலோ, 20 கிலோ தொழு உரத்தோடு கலந்து வீசணும்.

சம்பாவுக்குப் பிறகு உளுந்து போட்டால்: ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கணும். ஹெக்டேருக்கு 3 பாக்கெட். எந்தப் பயிருக்கான ரைசோபியம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், பார்த்து வாங்கணும்.

செய்யக்கூடாதது: உயிர் உரத்தை யூரியா, பூஞ்சாண மருந்து, பூச்சிமருந்து எதோடும் கலக்கக்கூடாது. விதைக்குப் பூஞ்சாண மருந்து போட்டே ஆகணும் என்றால் அதை முதலில் போட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் உயிர் உரம். உச்சி வெயிலில் வீசக்கூடாது. ஈரமில்லாத வயலில் வீசக்கூடாது.

வைக்கும் இடம்: நிழலான, குளிர்ச்சியான இடம். ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். தூள் பாக்கெட்டுக்குப் பொதுவாக 6 மாசம்தான் ஆயுசு. இப்போது திரவ உயிர் உரமும் கிடைக்குது, அது சுமார் ஒரு வருஷம் தாங்கும். எதுவானாலும் தேதியைப் பார்க்காமல் கைநீட்டிக் காசு கொடுக்காதீங்க.

கொசுவுக்கும் ஒரு பாக்டீரியா

இனி வயலை விட்டு வீட்டு வாசலுக்கு வருவோம். நம் ஊர்ப்பக்கம் யானைக்கால் நோய் எவ்வளவு பேரை முடக்கிப்போட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும். கொசுதான் அதைப் பரப்பியது. இன்னைக்கு டெங்குவும் கொசுவால்தான். இந்த மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே புதுச்சேரியில் 1975-ல் ஒரு மத்திய அரசு நிறுவனம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். வி.சி.ஆர்.சி. என்றால் எல்லாருக்கும் தெரியும்.

1976-ல் இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனத்தில், ஒரு குட்டையில் கொசுப்புழுக்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்ததை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். காரணம் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது உண்டாக்கும் புரதப் படிகத்தைக் கொசுப்புழு தின்றால், அதன் குடலில் படிகம் கரைந்து, குடல் வெடித்து, ஒரு நாளுக்குள் புழு செத்துப்போகும். மனுஷங்க, மாடு, மீன், தேனீ குடலில் அது அப்படி வேலை செய்யாது. நம் வி.சி.ஆர்.சி.யும் இந்தப் பாக்டீரியாவில் பி-17 என்ற ரகத்தை வைத்து கொசுப்புழு மருந்து தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்து, நம் நாட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. புதுச்சேரியில் நடந்த ஆராய்ச்சி, நாம் பெருமைப்படலாம்.

ஆனால் இதற்கும் அளவு உண்டு. புழு தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் சாகாது. பறக்கிற கொசுவையும் இது ஒன்றும் செய்யாது. தெளித்த மருந்து அதிக நாள் நிற்காது, திரும்பத் திரும்பத் தெளிக்கணும். சாக்கடைக்கும் குட்டைக்கும் இது நல்ல உதவி. நம் வீட்டில் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த குடம், இவற்றில் நிற்கும் தண்ணிக்கு மருந்தே வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள் கவிழ்த்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவினாலே போதும். அந்த வேலைக்குப் பாக்டீரியா வராது, நாம்தான் போகணும்!

காசநோய் மாத்திரையும் மண்ணும்

மண்வாசனை தருகிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றி ஆரம்பத்தில் சொன்னோம். 1943-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர், வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், அந்த வகைப் பாக்டீரியா ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோயைக் கொல்லும் முதல் ஆண்டிபயாடிக் அதுதான். அதுவரை காசம் என்றாலே பலருக்கு மரணம்தான். 1952-ல் நோபல் பரிசு பேராசிரியருக்கு மட்டும் கிடைத்தது. உழைத்த மாணவர், தானும் கண்டுபிடித்தவர்தான் என்று ஒப்புக்கொள்ளவைக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. உழைப்பவர் பெயர் விடுபட்டுப்போவது நமக்குப் புதுசா என்ன!

நம் பக்கத்து ஆளும் ஒருவர் உண்டு. ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவர் தலைமையேற்று நடத்திய அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்துதான் 1948-ல் ஆரியோமைசின் வந்தது. அதுவும் மண்ணில் வாழும் பாக்டீரியா கொடுத்த மருந்து. டெட்ராசைக்ளின் வகையில் அதுதான் முதலாவது.

இப்போது காசநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் முக்கியமானது ரிஃபாம்பிசின். அதன் பிறப்பிடம், 1957-ல் பிரான்சின் தென்கடற்கரைக் காட்டில் எடுத்த ஒரு பிடி மண். அதிலிருந்த பாக்டீரியாவை வளர்த்து, அது கொடுத்த பொருளைத் திருத்தி இந்த மருந்தைச் செய்தார்கள். முன்பு ஒன்றரை வருஷம் வரை சாப்பிட வேண்டியிருந்த காசநோய் மருந்தை 6 மாசமாகக் குறைக்க முடிந்ததற்கு இது பெரிய காரணம். தொழுநோய்க்கான கூட்டு மருந்திலும் இது இருக்கு. அதேபோல் ஜப்பான் மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து ஐவர்மெக்டின் வந்தது. யானைக்கால் நோயை ஒழிக்கத் தரும் மூன்று மருந்துத் திட்டத்தில் அதுவும் ஒன்று. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? மருந்து கிடைப்பதில் சிக்கல் இல்லை. காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு என்று மாசம் 500 ரூபாய் கொடுத்துவந்த மத்திய அரசு, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் இரண்டு மாசம் சாப்பிட்டதும் இருமல் நின்னுடுது, உடம்பு தேறிடுது. "இனி எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். அதிலும் நம் பெண்கள்தான் வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள், தனக்கு மறந்துவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் சாகாமல் தப்பித்த கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமியாக வளரும். பிறகு வைத்தியம் நீளும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். அரைகுறையாகப் போட்ட உயிர் உரத்தால் ஒரு பட்டம் நஷ்டம். அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்தால் ஆளே நஷ்டம்.

இரண்டு விஷயம் ஞாபகம் வையுங்க. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். இரண்டாவது, கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைத்துவிடும். மாத்திரை போட்டுக்கொள்ளும் உறுப்பினர்கள் கூச்சப்படாமல் டாக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ சொல்லி வேறு வழி கேட்டுக்கொள்ளணும்.

எல்லாம் நல்லவை இல்லை

மண்ணில் உள்ள பாக்டீரியா எல்லாம் நல்லது என்று நாங்கள் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிடாதீங்க. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், உண்டாக்கும் கிருமியும் மண்ணிலும் சாணத்திலும்தான் இருக்கு. கதிர் அரிவாள் வெட்டினாலும், முள் குத்தினாலும், காயத்தில் சாணமோ மண்ணோ வைக்கக்கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, ஊசி போட வேண்டுமா என்று சுகாதார நிலையத்தில் கேட்கணும். கர்ப்பிணிகள் தடுப்பூசியை விடக்கூடாது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் எதையும் தடவக்கூடாது. உயிர் உரம் கலந்த கையையும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பிட உட்காரணும்.

இந்த சம்பாவுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

நம்மில் பாதிப் பேருக்குச் சொந்த நிலம் இல்லை. விதை ஊறவைப்பதும், நாற்று பறிப்பதும், வேரை நனைப்பதும், நடுவதும் நாம். பாக்கெட் வாங்குவது நிலக்காரர். வேர் நனைக்க அரைமணி நேரம் வேணும் என்றால், "சீக்கிரம் நடுங்கம்மா" என்பார். நனைக்காமல் நட்டால் அவர் கொடுத்த காசு வீண். அதனால் நடவுக் கூலி பேசும்போதே இந்த நேரத்தையும் சேர்த்துப் பேசுங்க. விஷயம் தெரிந்து பேசினால் கேட்பாங்க. அவருக்கும் லாபம்தானே!

நம்ம வில்லியனூர் பக்கம் கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் கிராமங்களில் 1990-களின் ஆரம்பத்திலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பயோவில்லேஜ் திட்டம் நடத்தியது. நம்மைப்போன்ற பெண்கள் அதில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டார்கள். இந்தியாவிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்னைக்குக் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் இருக்கு. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் சொன்னதை மட்டும் கேட்டு நாம் ஏமாந்தோம். இனி ஏமாற வேண்டாம். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுகள் இவை:

1. ஊருக்கு ஒரு உறுப்பினர் வயலில் மட்டும் இந்தத் தடவை சோதனை. ஒரே வயலில் பாதியில் உயிர் உரம், மறு பாதியில் இல்லை. மற்ற எல்லாம் ஒன்றுபோல. இரண்டு பக்கமும் தூர் எத்தனை, மூட்டை எத்தனை என்று நோட்டில் எழுதணும். பலன் வராவிட்டால் அதையும் எழுதணும். வெட்கம் வேண்டாம்.

2. கூட்டமைப்புப் பணத்தில் மொத்தக் கொள்முதல் இப்போதைக்கு இல்லை. நோட்டுகளைப் பார்த்தபிறகு தை மாசக் கூட்டத்தில் முடிவு.

3. வாங்குகிறவர்கள் விதைப்புக்கு ஒரு வாரம் முன்னால்தான் வாங்கணும். உழவர் உதவியகத்தில் கேட்டு, அங்கே இல்லையென்றால் மட்டும் வெளியே. இரண்டு பேர் சேர்ந்து போகணும். ஒருவர் தேதி படிக்கணும், ஒருவர் பில் வாங்கணும்.

4. படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பாக்கெட்டைப் படித்துச் சொல்வது குழுவின் பொறுப்பு.

5. குழுவில் யாராவது காசநோய் மருந்து சாப்பிட்டால், விருப்பப்பட்டால், பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் 6 மாசமும் ஞாபகப்படுத்துவார். இது வெளியே போகாது.

கடைசியாக ஒன்று. "கரித்தூள்" என்று கேட்ட அந்தப் பெரியம்மா இன்னைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேசி முடித்ததும் எழுந்து, "என் வயல்ல அரைக் காணி தரேன். போட்டுக் காட்டுங்க. ஆனா பானையில வைச்சு எடுத்து வாங்க" என்றார். கூட்டமே சிரித்துக் கைதட்டியது. தை மாசம் அவர் நோட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை ஒரு எழுத்து மாற்றாமல் இதே பக்கத்தில் போடுகிறோம்.